மரச்செருப்பில் வந்த பஸ்தியென்: ஜுஸ்தின் ஃபவாரும் அவருடைய ஒப்பேராக்களும்

1753 ஆகஸ்ட் 4 அன்று பாரிஸின் கொமெதி-இத்தாலியென் நாடக சபையில் ஒரு கேலி ஒப்பேரா, அதாவது இன்னொரு இசை நாடகத்தைப் பகடி செய்யும் இசை நாடகம், அரங்கேறியது. அதன் நாயகி ஓர் ஆட்டிடைச்சி. அந்தக் காலத்துப் பாரிஸ் மேடையில் கிராமத்துப் பெண்ணாக நடிப்பவர்கூட அகன்ற வளையப் பாவாடையும் முழங்கை வரை ஏறிய கையுறையும் தலை நிறைய வைரமுமாகத்தான் வருவார். வந்திருப்பவள் இடைச்சியா இளவரசியா என்பதை அவள் வாயைத் திறந்த பிறகே தெரிந்துகொள்ள வேண்டும். அன்று வந்த நடிகையோ சாதாரணக் கம்பளி உடை உடுத்தியிருந்தார். தலையைப் படிய வாரி, கைகளை மறைக்காமல், கழுத்தில் ஒரு சிறிய தங்கச் சிலுவையுடன் நின்றார். காலில் கிடந்தது உழவர்கள் மரக்கட்டையைக் குடைந்து செய்துகொள்ளும் செருப்பு. கூட்டத்தில் சிலர் முகம் சுளித்தார்கள். உடனிருந்த வுவாசெனோன் என்ற பாதிரியார், அந்த மரச்செருப்புதான் நடிகர்களுக்கெல்லாம் நல்ல செருப்பு வாங்கித் தரப்போகிறது என்று சொன்னதாக ஃபவார் குடும்பத்தின் நினைவுக்குறிப்புகள் கூறுகின்றன. வசூலைப் பொறுத்தவரை அவர் வாக்கு பலித்தது.

அந்த நடிகை மரி-ஜுஸ்தின் ஃபவார். நடிப்பு, பாட்டு, நடனம் மூன்றிலும் தேர்ந்தவர். யாழ் போன்ற ஹார்ப் வாத்தியத்தையும் மீட்டுவார். அன்று மேடையேறிய 'பஸ்தியானும் பஸ்தியென்னும் கொண்ட காதல்' என்ற அந்தப் படைப்பின் பாடற்பிரதியில், அதாவது லிப்ரெட்டோவில், அவருக்கும் பங்கு உண்டு. அவருடைய வாழ்க்கையைச் சொன்ன பலரும் இரண்டு கேள்விகளிலேயே நின்றுவிட்டார்கள்: அவர் யாருடைய காதலியாக இருந்தார், அவர் பெயரில் வெளியான நாடகங்களை உண்மையில் யார் எழுதிக் கொடுத்தார்கள். இரண்டுமே அவரை அவருடைய வேலையிலிருந்து விலக்கி வைத்துப் பார்க்கும் கேள்விகள். அவர் எழுதியது எது, நடித்தது எது என்று கோடு போட்டுப் பிரிக்கவே முடியாத ஒரு மேடையில்தான் அவர் வேலை செய்தார் என்பது என் வாதம். அந்த மேடை எப்படி இயங்கியது என்பது தெரிந்தால்தான் மரச்செருப்பின் பொருளும் விளங்கும்.

அவர் 1727 ஜூன் 15 அன்று அவின்யோனில் பிறந்தார். பிறந்த வீட்டுப் பெயர் துரோன்செரே. அவின்யோன் அப்போது பிரெஞ்சு மன்னருடையது அன்று, போப்பாண்டவரின் ஆட்சிக்கு உட்பட்டது. தாய் தந்தை இருவருமே இசைக் கலைஞர்கள். போலந்தின் அரியணையை இழந்து லொரேன் பகுதியின் ஆட்சியைப் பெற்றிருந்த ஸ்தானிஸ்வாஃப் லெஷ்சின்ஸ்கியின் லூநெவில் அரண்மனையோடு அவர்களுக்குத் தொடர்பு இருந்ததால், மகள் அந்த அரசவையின் நிழலில் பாட்டும் ஆட்டமும் கற்றார். 1745இல் பாரிஸ் மேடைக்கு வந்தபோது 'மத்மொசேல் ஷாந்தியி' என்ற மேடைப் பெயரும், போலந்து மன்னரின் நடனக்காரி என்ற அடைமொழியும் அவருக்கு இருந்தன.

அவர் சேர்ந்த இடம் ஒப்பேரா-கொமிக். இன்று அந்தப் பெயர் ஒரு கம்பீரமான அரங்கத்தை நினைவூட்டும். அன்று அது சந்தைக் கொட்டகை. பாரிஸில் சேன்-ஜெர்மேன், சேன்-லோரான் என்று ஆண்டுக்கு இரண்டு பெரும் சந்தைகள் கூடும். கழைக்கூத்து, பொம்மலாட்டம், தின்பண்டக் கடைகளின் நடுவே அங்கு நாடகமும் நடந்தது. ஆனால் நாடகம் போடுவதற்கான உரிமைகள் எல்லாம் மன்னரின் ஆணையால் பங்கு பிரிக்கப்பட்டிருந்தன. பேசி நடிக்கும் உரிமையைத் தன்னுடையதாகக் கருதியது கொமெதி-பிரான்சேஸ் என்ற அரச நாடக சபை. பாடும் உரிமை அரச ஒப்பேராவின் சொத்து. சந்தைக்காரர்கள் ஒப்பேராவுக்குப் பணம் கட்டித்தான் பாட வேண்டும். புதிதாக இசையமைக்க வசதியில்லாத அவர்கள் ஒரு வழி கண்டார்கள்: தெருவெல்லாம் தெரிந்த பழைய மெட்டுகளுக்குப் புதுச் சொற்களைப் போட்டார்கள். நம் பழைய பாட்டுப் புத்தகங்களில் 'இன்ன பாட்டின் வர்ணமெட்டு' என்று தலைப்புக்குக் கீழே அச்சிட்டிருப்பதைப் போலவே, அந்த நாடகப் பிரதிகளிலும் ஒவ்வொரு பாட்டுக்கு மேலும் மெட்டின் பெயர் இருக்கும். இவற்றுக்கு வோதவில் என்று பெயர். கேட்பவருக்குப் பழைய சொற்களும் நினைவில் இருப்பதால், புதுச் சொல்லும் பழைய சொல்லும் உரசிக்கொள்ளும் இடத்தில் சிரிப்புப் பிறக்கும்.

இந்தக் கலையில் அன்று முதல் இடம் ஷார்ல்-சிமோன் ஃபவாருக்கு. பலகாரக் கடைக்காரரின் மகனான அவர் 1741இல் எழுதிய ஒரு நாடகம் பெரும் வெற்றி பெற்றிருந்தது. 1745 டிசம்பர் 12 அன்று ஜுஸ்தினை அவர் மணந்தபோது அவருக்கு வயது 35, மணமகளுக்கு 18. ஆனால் சந்தைக் கொட்டகையில் குவிந்த கூட்டத்தைக் கண்டு உரிமம் பெற்ற பெரிய சபைகள் பொறாமைப்பட்டன; அதே ஆண்டில் ஒப்பேரா-கொமிக் மூடப்பட்டது. கல்யாணமும் வேலையிழப்பும் ஒன்றாக வந்து சேர்ந்தன.

அந்த நேரத்தில்தான் மார்ஷல் மோரிஸ் த சாக்ஸ் குறுக்கிடுகிறார். 1745 மே மாதம் ஃபொந்தெனுவா போரில் பிரான்ஸுக்கு வெற்றி தேடித் தந்த தளபதி அவர். போலந்து மன்னர் இரண்டாம் அவுகுஸ்துவின், முறைப்படியான திருமணத்துக்கு வெளியே பிறந்த மகன். ஜுஸ்தினின் குடும்பத்துக்கு ஆதரவளித்த லெஷ்சின்ஸ்கியின் அரசியல் எதிரி அதே அவுகுஸ்து என்பது ஒரு விசித்திரமான தற்செயல். சாக்ஸ் 1746இல் ஃபிளாண்டர்ஸ் போர்முனையில் தம் படையோடு கூடவே செல்லும் நாடகக் குழுவுக்கு ஃபவாரைத் தலைவராக்கினார். நாடகத்தை வெறும் பொழுதுபோக்காகத் தாம் கருதவில்லை என்றும், தம் அரசியல் நோக்கங்களிலும் போர்த் திட்டங்களிலும் அதற்கு இடமுண்டு என்றும் அவர் ஃபவாருக்கு எழுதினார். சொன்னபடியே நடந்தது. 1746 அக்டோபர் 11 அன்று லியேழுக்கு அருகே ரோக்கூவில் போர் நடந்தது. அதற்கு முந்தைய இரவு, நாளை சண்டை இருப்பதால் நாடகம் இல்லை, மறுநாள் உண்டு என்று மேடையிலிருந்தே பாட்டாக அறிவிக்கப்பட்டது. படைவீரர்கள் தாக்குதல் உத்தரவைத் தெரிந்துகொண்டதே அந்தப் பாட்டிலிருந்துதான் என்று சொல்வார்கள்.

ஜுஸ்தினும் அந்தக் குழுவில் இருந்தார். மார்ஷலின் கண் அவர்மீது விழுந்தது. அவர் மறுத்தார், முகாமை விட்டு வெளியேறினார். அதன் பிறகு நடந்ததைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு நூல்கள் பலவும் ஒரு வீரனின் காதல் திருவிளையாடலாகச் சுவைத்து எழுதின. ஆவணங்களில் தெரிவது வேறு. 1748இல் போர் முடிந்ததும் பிரஸ்ஸல்ஸ் அரங்கத்தின் உரிமையாளர்கள் குத்தகைப் பாக்கிக்காக ஃபவார்மீது வழக்குத் தொடுத்தார்கள். மார்ஷலின் கை காப்பதற்குப் பதிலாக நசுக்கவே நீண்டது. ஃபவார் ஸ்திராஸ்பூர் பக்கமாகத் தப்பி, ஒரு நிலவறையில் ஒளிந்து, விளக்கு வெளிச்சத்தில் விசிறிகளுக்கு ஓவியம் தீட்டிப் பிழைத்தார் என்று அவருடைய நினைவுக்குறிப்புகள் சொல்கின்றன. ஜுஸ்தினோ பாரிஸில் 1749 ஆகஸ்ட் 5 அன்று கொமெதி-இத்தாலியெனில் மாரிவோவின் நாடகம் ஒன்றில் அறிமுகமாகி, முதல் நாளிலேயே ஊரின் பாராட்டைப் பெற்றார். அந்தப் புகழ் அவரைக் காக்கவில்லை. சில மாதங்களுக்குள் அவர் கைதானார். முதலில் லெ ஆந்தெலி என்ற ஊரிலும் பிறகு ஆன்ழே நகரிலும் கன்னியர் மடங்களில் அடைக்கப்பட்டார்.

இதற்குப் பயன்பட்ட கருவி 'லெத்ர து காஷே' எனப்படும் அரச முத்திரைக் கடிதம். மன்னரின் கையொப்பம் உள்ள அந்த ஒற்றைத் தாள் இருந்தால் வழக்கும் விசாரணையும் இல்லாமல் ஒருவரைச் சிறையிலோ மடத்திலோ எவ்வளவு காலமும் வைத்திருக்கலாம். அடங்காத பிள்ளைகளைத் திருத்தப் பெற்றோரும், மனைவியரை அடக்கக் கணவரும், இந்த வழக்கில் போல அதிகாரத்தில் இருந்தவர்களும் அதைக் கேட்டு வாங்கினார்கள். வெளியே வர ஜுஸ்தின் கொடுத்த விலை மார்ஷலுக்கு இணங்கியதுதான். ஒருத்தியை மடத்தில் பூட்டி, அவள் கணவனை நாடு நாடாக ஓடவிட்ட பிறகு கிடைத்த இணக்கத்தை எந்தப் பெயரால் அழைப்பது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. 1750 நவம்பர் 30 அன்று ஷாம்போர் மாளிகையில் சாக்ஸ் இறந்தார். அதன் பிறகே கணவனும் மனைவியும் மீண்டும் ஒன்றாக வாழ முடிந்தது. (எழுத்தாளர் ஜார்ஜ் சாந்த் இந்த மார்ஷலின் கொள்ளுப்பேத்தி என்பது இலக்கிய வாசகர்களுக்குத் தெரிந்த செய்தியாக இருக்கலாம்.)

பாரிஸ் திரும்பிய ஜுஸ்தின் 1752இல் கொமெதி-இத்தாலியெனில் முழுப் பங்குதாரரானார். அங்கே நடிகர்கள் கூலிக்காரர்கள் அல்லர். சபையின் வருமானத்தை முழுப்பங்கு, அரைப்பங்கு, கால்பங்கு என்று பிரித்துக்கொள்ளும் கூட்டாளிகள். பெயர் இத்தாலியச் சபை என்று இருந்தாலும், அதற்குள் அதன் வருமானத்தில் பெரும்பகுதி பிரெஞ்சு நாடகங்களிலிருந்தே வந்தது. அரச ஒப்பேராவில் புதிதாக ஏதாவது வெற்றி பெற்றால், சில வாரங்களில் அதன் கேலி வடிவம் இங்கே வரும் என்று ஊர் எதிர்பார்க்கும்.

அப்படி ஒரு வெற்றி 1752 அக்டோபரில் ஃபொந்தென்புளோவில் அரசவை முன் அரங்கேறியது: தத்துவ எழுத்தாளர் ரூசோ தாமே சொல்லும் இசையும் அமைத்த 'கிராமத்துக் குறிசொல்லி'. மறு ஆண்டு மார்ச்சில் அது பாரிஸ் ஒப்பேராவுக்கு வந்தது. கதை சின்னது. கொலெத் என்ற இடைச்சியின் காதலன் கொலேன் பெரிய இடத்துப் பெண்ணிடம் மயங்கிவிடுகிறான், அவள் குறிசொல்பவனிடம் போகிறாள், நீயும் அவனைப் பொருட்படுத்தாதது போல் நடி என்று அவன் யோசனை சொல்கிறான், காதலர் சேர்கிறார்கள். மேடையில் மாரி ஃபெல், ஜெலியோத் என்ற உச்ச நட்சத்திரங்கள் பாடினார்கள். மன்னரின் ஆசைநாயகி மதாம் து பொம்பதூர் தம் மாளிகையில் ஆண் வேடமிட்டுக் கொலேனாக நடித்தார். பதினைந்தாம் லூயி மன்னர் கொலெத்தின் முதல் பாட்டை நாள் முழுக்கச் சுருதி சேராமல் முனகிக்கொண்டிருந்தார் என்று ரூசோவுக்குச் செய்தி வந்தது. இயற்கையையும் எளிமையையும் போற்ற வந்த படைப்பு, நாட்டிலேயே மிகச் செல்வச் செழிப்பான மனிதர்களின் விளையாட்டுப் பொருளாயிற்று.

ஜுஸ்தின் ஃபவாரும் ஆர்னி என்பவரும் சேர்ந்து செய்த கேலி இந்த முரணில்தான் கை வைத்தது. கதையை அவர்கள் அப்படியே வைத்துக்கொண்டார்கள். கொலெத் பஸ்தியென் ஆனாள். கொலேன் பஸ்தியான் ஆனான். ரூசோவிடம் பெயரில்லாமல் இருந்த குறிசொல்லிக்குக் கொலா என்று பெயர் வந்தது. மாறியது பேச்சு. ரூசோவின் கொலெத் தன் துயரத்தைச் செம்மையான பிரெஞ்சில் பாடுகிறாள்: என் இன்பம் எல்லாம் போயிற்று, என் 'செர்வித்தேர்' போய்விட்டான் என்கிறாள். 'அடியேன்' என்று தலைவணங்கும் ஆடவனைக் குறிக்க வரவேற்பறைகளில் புழங்கிய சொல் அது. ஆடு மேய்க்கிற பெண்ணுக்கு அடியார் யார்? பஸ்தியென் அந்த இடத்தில் என் 'அமி', அதாவது என் தோழன், போய்விட்டான் என்கிறாள். அன்றிலிருந்து தூக்கமே இல்லை, பாதி உயிராகத்தான் இருக்கிறேன் என்று, இலக்கணம் சிதைந்த நாட்டுப்புறப் பேச்சில், வினைமுற்றெல்லாம் பிசகிப் பாடுகிறாள். எளிமையைப் போதித்தவரிடம் உன் இடைச்சி இன்னும் போதிய அளவு எளிமையாக இல்லையே என்று சொல்லிக் காட்டும் கேலி இது. அதில் வன்மம் அதிகம் இல்லை, நுட்பம் நிறைய உண்டு.

மரச்செருப்பு இங்கேதான் பொருள் பெறுகிறது. ஒப்பேரா மேடையின் கொலெத்தை நினைவில் வைத்துக்கொண்டு வந்திருந்த கூட்டத்துக்கு, கம்பளி உடையும் படிய வாரிய தலையும் தெரிந்த மெட்டில் ஏற்றிய புதுச் சொற்களைப் போலவே வேலை செய்தன. கண் ஒன்றை எதிர்பார்க்கிறது, வேறொன்று வந்து நிற்கிறது. வளையப் பாவாடையில் நின்று அந்த நாட்டுப்புறப் பேச்சைப் பேசியிருந்தால் அது வெறும் கோமாளித்தனம். மரச்செருப்பில் நின்று பேசியபோது ஒரு மனுஷி பேசினாள். இதை உண்மையான கிராமம் என்று நம்பிவிடவும் வேண்டாம். 1753இன் உழவர் வீட்டு வறுமை இந்த மேடையில் இல்லை. தங்கச் சிலுவை இருந்தது. மறு ஆண்டு கார்ல் வான் லோ அவரைப் பஸ்தியென் வேடத்திலேயே ஓவியமாக வரைந்தார். அந்த வேடமே ஒரு நாகரிகம் ஆகிவிட்டதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை.

எழுதியது யார் என்ற கேள்விக்கு வருவோம். அவர் காலத்திலேயே, கணவர் எழுதினார், வுவாசெனோன் எழுதினார் என்ற முணுமுணுப்பு இருந்தது. வுவாசெனோன் ஃபவார் வீட்டின் நிரந்தர விருந்தாளி; அவரையும் ஜுஸ்தினையும் சேர்த்துப் பேசிய வதந்திக்கும் குறைவில்லை. ஃபவார் நாடகங்களின் தொகுதிகள் அச்சானபோது ஐந்தாம் தொகுதி ஜுஸ்தினின் பெயருக்கு உரியதாக அமைந்தது; அதில் உள்ளவற்றில் பெரும்பாலும் இன்னொருவர் பெயரும் சேர்ந்தே இருக்கும். இதைக் குறையாகக் காட்டுபவர்கள், அன்றைய வோதவில் நாடகங்கள் பலவும் இரண்டு மூன்று பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து எழுதியவை என்பதையும், அதற்காக ஆண்களின் பெயரை யாரும் ஐயத்தோடு பார்த்ததில்லை என்பதையும் மறந்துவிடுகிறார்கள். எந்த மெட்டு தன் குரலுக்கு உட்காரும், எந்தச் சொல்லில் கூட்டம் சிரிக்கும், எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று அன்றாடம் மேடையில் சோதித்தறிந்தவர் அவர். வட்டார வழக்குகளை அவர் பேசிக் காட்டினால் அந்தந்த ஊர்க்காரர்களே தங்கள் ஊர்ப்பெண் என்று நம்பிவிடுவார்களாம். பஸ்தியென்னின் பேச்சு யார் காதிலிருந்து வந்திருக்கும் என்று ஊகிக்க இதுவே எனக்குப் போதும்.

அடுத்த ஆண்டுகளில் அவர் சபையின் தூணாக விளங்கினார். பெர்கொலேசியின் இத்தாலியச் சிற்றொப்பேரா 1754இல் பிரெஞ்சுச் சொற்களோடு 'எஜமானியான வேலைக்காரி' என்று வந்தபோது வேலைக்காரியாக நடித்தார். 1761இல் கணவர் எழுதிய 'மூன்று சுல்தானாக்கள்' நாடகத்தில் ரொக்ஸலானாக வந்தபோது கான்ஸ்டான்டிநோபிளில் தைத்து வரவழைத்த துருக்கிய உடையை அணிந்திருந்தார். துன்பியல் நாடகங்களின் அரசியான மத்மொசேல் கிளெரோன் வளையப் பாவாடையைக் கைவிட்டது 1755இல். மேடை உடைச் சீர்திருத்தத்தின் புகழ் பெரும்பாலும் அவருக்கே போயிற்று. தேதியைப் பார்த்தால் பஸ்தியென் இரண்டு ஆண்டு முந்தியவள். கேலி நாடகத்தில் செய்த சீர்திருத்தத்தைச் சீர்திருத்தமாக எண்ண அறிஞர்களுக்கு மனம் வருவதில்லை போலும். எல்லோரும் அவரைப் போற்றினார்கள் என்றும் சொல்ல முடியாது. விமர்சகர் கிரிம் அவருடைய குரலையும் நடிப்பையும் கடைசி வரை ஏளனமாகவே எழுதினார்.

அவர் பெயரோடு சேர்ந்த இன்னொரு பெரிய வெற்றி 1762 பிப்ரவரியில் வந்த 'அன்னெத்தும் லுபேனும்'. மார்மோந்தெலின் கதை ஒன்றைத் தழுவியது. பாட்டுகளுக்கு இசையை அமைத்தும் தொகுத்தும் கொடுத்தவர் பிளேஸ். ஒன்றாகவே வளர்ந்த உறவுக்காரப் பிள்ளைகள் இருவர், பாவம் என்றால் என்ன என்றே தெரியாமல், ஒரே குடிசையில் காதலித்து வாழ்கிறார்கள். ஊர் அதிகாரி வந்து இது குற்றம் என்கிறான். பிரபுவின் கண்ணும் அன்னெத்மீது விழுகிறது. முடிவில் அவன் மனம் இளகி இருவரையும் சேர்த்துவைக்கிறான். மடத்தில் அடைபட்டுக் கிடந்த பெண் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, 34 வயதில், சிறுமி அன்னெத்தாக அந்தக் கட்டத்தை நடித்தபோது பழைய கதை தெரிந்த பாரிஸ்காரர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை. அதே ஆண்டில் ஒப்பேரா-கொமிக் கொமெதி-இத்தாலியெனோடு இணைக்கப்பட்டது. சந்தைக் கொட்டகையில் தொடங்கிய கலை அரச உரிமம் பெற்ற சபைக்குள் வந்து சேர்ந்தது. புதிதாக இசையமைத்த பாட்டுகள் பெருகின, பழைய மெட்டு வோதவில் மெல்ல மறைந்தது.

1772 ஏப்ரலில், 44 வயதில், நீண்ட நோய்க்குப் பிறகு ஜுஸ்தின் ஃபவார் காலமானார். தம் கல்லறை வாசகத்தைத் தாமே எழுதிப் படுக்கையில் இருந்தபடியே அதற்கு மெட்டும் போட்டார் என்று ஒரு கதை உண்டு. கணவர் 1792 வரை இருந்தார். பாரிஸில் இன்று ஒப்பேரா-கொமிக் இயங்கும் கட்டடத்துக்கு 'ஃபவார் அரங்கம்' என்று பெயர். 1783இல் திறந்து, இரண்டு முறை தீக்கிரையாகி, 1898இல் மூன்றாவது முறையாக எழுந்த அந்த அரங்கம் கணவரின் பெயரைத் தாங்குகிறது. மனைவியின் பெயரில் இருப்பது இசையமைப்பாளர் ஓஃபன்பாக் 1878 டிசம்பரில் மேடையேற்றிய 'மதாம் ஃபவார்'. அதில் நிலவறை இருக்கிறது, துரத்தல் இருக்கிறது, மாறுவேடங்கள் இருக்கின்றன. துரத்துகிறவன் ஒரு கிழட்டு அசட்டுப் பிரபு, முடிவில் மன்னரே வந்து ஃபவாருக்கு ஒப்பேரா-கொமிக்கின் தலைமைப் பதவியைக் கொடுத்துவிடுகிறார். முத்திரைக் கடிதம் தந்த அதே மன்னர். பாட்டுகள் இனிமையானவை; கேட்கும்போது இது நெருடாமல் இருப்பதில்லை.

பஸ்தியென் வேறு வழியில் பயணம் செய்தாள். வியன்னாவின் அரசவை நாடகப் பொறுப்பாளர் கோமகன் துராட்ஸோவுக்கு ஃபவார் பாரிஸின் புதுப் படைப்புகளைப் பற்றித் தொடர்ந்து எழுதிவந்தார். பாரிஸ் நாடகங்கள் அங்கே உடனுக்குடன் போய்ச் சேர்ந்தன. 1764இல் வைஸ்கெர்ன் என்ற நடிகர் பஸ்தியென்னை ஜெர்மனுக்குக் கொண்டுவந்தார். அந்தச் சொற்களைச் சற்றுத் திருத்திய வடிவத்துக்கு 1768இல் வியன்னாவில் ஒரு சிறுவன் இசையமைத்தான். வயது 12, பெயர் மோட்ஸார்ட். கொலா தன் மந்திரப் புத்தகத்தை விரித்து 'டிக்கி, டாக்கி, ஷுர்ரி, முர்ரி' என்று உளறும் பாட்டில் அவன் குறும்பு தெரிகிறது. மெஸ்மர் மருத்துவரின் வீட்டுத் தோட்டத்தில் அது முதலில் நடிக்கப்பட்டதாகப் பரம்பரையாகச் சொல்கிறார்கள். ஆவணச் சான்றுள்ள முதல் மேடையேற்றம் 1890இல் பெர்லினில் நடந்தது. இசைக் கல்லூரி மாணவர்களும் சிறு குழுக்களும் இன்றும் அதை மேடையேற்றுகிறார்கள். திரை விலகியதும் பஸ்தியென் பாடும் முதல் வரி ஜெர்மனில், என் அருமைத் 'ஃபிராய்ண்ட்' என்னை விட்டுப் போய்விட்டான், அவனோடு தூக்கமும் போயிற்று என்கிறது. ஃபிராய்ண்ட் என்றால் தோழன். ரூசோவின் 'அடியேன்' அங்கே இல்லை.